மூன்று நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி

தேவசகாயம் சென்னைக்கு அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் வெறும் அட்டவணை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தட்டெழுத்துப் பயிற்சி நிலையம் நடத்துகிறவர் என்பதால் கோடுகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. முதல் கட்டத்தில் பாட்டின் பெயர். அடுத்ததில் இசைத்தட்டின் உறையில் அச்சிட்டிருந்த நேரம். மூன்றாவதில் தேவசகாயம் தன் கைக்கடிகாரத்தை வைத்து அளந்த நேரம். உறையில் 3:10 என்று போட்டிருந்த பாட்டு அவர் வீட்டில் 3:48 ஓடியது. 2:50 என்று போட்டிருந்தது 3:24 ஓடியது. பதினோரு தட்டு, நூற்று எழுபத்தாறு பாட்டு. ஒன்றில்கூட அச்சிட்ட நேரம் சரியாக இல்லை.

‘கம்பெனிக்காரர்கள் பாட்டைக் கேட்காமலே நேரம் போடுகிறார்கள். இதை நம் வட்டம் உலகத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்’ என்று கடிதத்தை முடித்திருந்தார்.

வட்டம் என்று அவர் சொன்னது சென்னையில் இருபது இருபத்தைந்து பேர் சேர்ந்து நடத்திவந்த ஸ்விங் இசைத்தட்டு வட்டத்தை. 1930களில் அமெரிக்காவில் பதினைந்து, பதினாறு பேர் மேடையில் உட்கார்ந்து, எதிரே ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஆடுவதற்காக ஊதியும் தட்டியும் வாசித்த சங்கீதத்துக்கு ஸ்விங் என்று பெயர். அந்தக் காலத்துத் தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் ஒரு பாட்டுதான் பிடிக்கும். கை நழுவினால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். முப்பது வருஷம் கழித்து, கம்பெனிகள் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, பக்கத்துக்கு எட்டுப் பாட்டாகப் பெரிய தட்டுகளில் மறுபடி வெளியிட ஆரம்பித்தன. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்றும் இந்த மறுவெளியீடுகளைச் சேர்ப்பதுதான் வட்டத்தாரின் வேலை. 1968ல் அவை கடையில் வாங்கக் கிடைக்காது. கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்றால் உண்டு, மூர் மார்க்கெட்டில் பழைய சாமானோடு சாமானாகக் கிடந்தால் உண்டு.

தேவசகாயத்துக்கு ஆரம்பம் வேறு மாதிரி. தாமல் ஏரியின் மதகுகளை அளக்க வந்த அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் ஐந்து வருஷத்துக்கு முன் ஊர் திரும்பும்போது, தன் அறிக்கைகளை டைப் அடித்துக் கொடுத்த தேவசகாயத்திடம் சில சாமான்களை விட்டுப் போனார். ஒரு ரிக்கார்டு பிளேயர், ஐந்து தட்டு, ஒரு மின்சாரச் சுவர்க்கடிகாரம், அமெரிக்கச் சாமான்களுக்கு நம் ஊர் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்துத் தரும் கனமான ஒரு இரும்புப் பெட்டி. மீதி ஆறு தட்டுகளைத் தேவசகாயம் தானே தேடிச் சேர்த்தார். அவற்றில் ரூபஸ் ஹார்ட்லி குழுவின் மறுவெளியீட்டு வரிசை நான்கில் ஒன்று, இரண்டு, நான்கு இருந்தன. மூன்று இல்லை.

மூன்றாம் தட்டு மாநிலத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது வட்டத்தின் சொத்து. வெளியூர் உறுப்பினருக்கு ஒரு மாதம் கடன் தருவார்கள். ஆனால் அதற்கு முன் செயலாளர் நேரில் வந்து பிளேயரைப் பார்க்க வேண்டும் என்பது விதி. மழுங்கிய ஊசி ஒரே ஓட்டத்தில் தட்டின் பள்ளத்தைச் சீவிவிடும். தட்டு போனால் போனதுதான்.

செயலாளர் சீனிவாசனிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ‘ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். ஸ்டாப் வாட்ச் கொண்டுவருகிறேன். பிளேயர் திருப்தியாக இருந்தால் மூன்றாம் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வருவேன்.’

தேவசகாயம் அட்டையை நான்கு தடவை படித்தார். ஐந்தாவது தடவை மனைவி சம்பூர்ணத்துக்குக் கேட்கும்படி படித்தார்.

சம்பூர்ணம் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். புடவையின் குறுக்கே ஓடும் பட்டு நூலை, நெசவாளி தறியில் இங்குமங்கும் எறியும் நாடா என்ற கட்டைக்குள் பொருந்தும்படி விரல் நீளக் குழலில் சுற்றித் தருவதுதான் தார் சுற்றுவது. பக்கத்துத் தெரு அர்ஜுனனின் தறிக்கு அவள்தான் சுற்றினாள். பத்து வருஷப் பழக்கத்தில் கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும்.

“ஸ்டாப் வாட்சு கொண்டாறாரா?” என்றாள்.

“ஆமா. என் கணக்க சரிபார்க்கத்தான்.”

“அப்போ அந்த வெள்ளைக்காரரு உட்டுட்டுப் போன கடிகாரத்தையும் அவருகிட்ட காட்டுங்க. அது மணிக்குப் பத்து நிமிஷம் பின்னாடி போவுதே. கம்பெனிக்காரன் அதுலயும் தப்பா அச்சடிச்சிட்டான் போல.”

தேவசகாயம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“மணிக்குப் பத்து நிமிஷமா? கரெக்டா பத்தா?”

“என்னைக் கேட்டா? நீங்கதான அன்னிக்கு அளந்து பார்த்துட்டு, உருப்படாத கடிகாரம்னு துணிப்பெட்டில போட்டீங்க.”

தேவசகாயம் கடிதத்தின் நகலை எடுத்தார். அறுபது நிமிடத்துக்கு ஐம்பது காட்டும் கடிகாரம். ஆறுக்கு ஐந்து. பிறகு முதல் பாட்டைப் பார்த்தார். 3:10 என்றால் நூற்றுத்தொண்ணூறு வினாடி, 3:48 என்றால் இருநூற்று இருபத்தெட்டு. இரண்டையும் முப்பத்தெட்டால் வகுத்தார். ஐந்து, ஆறு. அடுத்த பாட்டு நூற்றெழுபதும் இருநூற்று நான்கும். முப்பத்து நான்கால் வகுத்தார். ஐந்து, ஆறு. பத்துப் பாட்டு வரை வகுத்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பிளேயரைக் குப்புறக் கவிழ்த்தார். அடியில் ஒரு சிறிய தகடு இருந்தது. 115 வோல்ட், 60 சைக்கிள்கள். துணிப்பெட்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் அறுபது. வாசலுக்குப் போய் வீட்டு மின்சார மீட்டரை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது.

விஷயம் இதுதான். மின்சாரம் கம்பியில் வாய்க்கால் தண்ணீர் போல ஒரே பக்கமாக ஓடுவதில்லை. போவதும் திரும்புவதுமாகத் துடிக்கிறது. நம் ஊரில் வினாடிக்கு ஐம்பது தடவை, அமெரிக்காவில் அறுபது தடவை. அந்தக் கடிகாரமும் பிளேயரின் மோட்டாரும் இந்தத் துடிப்பின் காலைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுகின்றன. இரும்புப் பெட்டி மின்சாரத்தின் வேகத்தை அல்ல, அழுத்தத்தை மட்டும்தான் பாதியாக்கும். துடிப்பில் அது கை வைப்பதில்லை. ஆகவே அறுபதுக்காகச் செய்த மோட்டார் காஞ்சிபுரத்தில் ஐம்பதுக்குத்தான் சுற்றும். தட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகப் போகும். மெதுவாகச் சுற்றினால் நேரம் நீளும். சுருதியும் மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும்.

கம்பெனிக்காரர்கள் நூற்று எழுபத்தாறு பாட்டிலும் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

“இன்னாங்க, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?” என்றாள் சம்பூர்ணம்.

“அஞ்சு வருஷமா நான் இந்தப் பாட்டுங்களைக் கேக்கவே இல்ல, சம்பூர்ணம்.”

“தெருவே கேட்டுச்சே.”

தேவசகாயம் அவளிடம் கணக்கைச் சொன்னார். அவள் ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று அவரை அதிகம் வாட்டியது. போன வருஷம் வட்டத்தின் சுற்றிதழில் அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தலைப்பு ‘ஹார்ட்லியின் நிதானம்’. மற்றக் குழுக்கள் ஓடுகின்றன, ஹார்ட்லி குழு மட்டும் நிலைக்கு வரும் தேர் மாதிரி அசைந்து வருகிறது என்று அதில் எழுதியிருந்தார். உறையில் ‘எம். டோரன்ஸ், குரல்’ என்று மட்டும் போட்டிருந்த பாடகரைப் பற்றி ஒரு முழுப் பத்தி. திரு. டோரன்ஸின் குரலில் உள்ள ஆண்மையும் அடக்கமும் என்று அது ஆரம்பித்தது.

டோரன்ஸ் பெண்ணாக இருக்கலாம் என்பது இப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலை செவிலிமேடு ரோட்டில் லேத் வைத்திருந்த முனிசாமியிடம் ஓடினார். பிளேயருக்குள் மோட்டார் நேராகத் தட்டைச் சுற்றுவதில்லை. மோட்டாரின் தண்டு ஒரு ரப்பர் சக்கரத்தை உரசிச் சுற்றும். அந்தச் சக்கரம் தட்டு வைக்கும் மேடையின் உள்விளிம்பை உரசி அதைச் சுற்றும். எனவே தண்டு எவ்வளவு பருமனோ அவ்வளவு வேகம். தண்டை ஐந்தில் ஒரு பங்கு பருமனாக்கினால் ஆறும் ஐந்தும் சரியாகிவிடும். ஐந்து மில்லிமீட்டர் தண்டு ஆறு ஆக வேண்டும்.

“பித்தளையில ஒரு உறை கடைஞ்சு மாட்டிடலாம்பா,” என்றார் முனிசாமி. “புதன்கிழமை வா.”

“நாளைக்கு ஆள் வராருண்ணே.”

“அவரைப் புதன்கிழமை வரச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து வேகம் மாற்றும் குமிழை நாற்பத்தைந்தில் வைத்துப் பார்த்தார். அது முப்பத்தேழரையில் ஓடியது. ஹார்ட்லி குழு வீட்டுக்குத் தீப்பிடித்த மாதிரி வாசித்தது. பழையபடி வைத்தார். தந்தி அடித்து சீனிவாசனை வரவேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தார். சொன்னால் மூன்றாம் தட்டு வேலூர்க்காரருக்குப் போய்விடும். வேலூர்க்காரர் வரிசையில் அடுத்தவர்.

சம்பூர்ணம் ராட்டையை விட்டு எழுந்து வந்து, திறந்து கிடந்த பிளேயருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இந்தக் குச்சியா?”

“ஆமா.”

“எவ்ளோ தடிக்கணும்?”

“சுத்தி அரை மில்லிமீட்டர்.”

“மில்லிமீட்டரெல்லாம் எனக்குத் தெரியாது. தொட்டுக் காட்டுங்க.”

அவர் இரண்டு அஞ்சலட்டைகளைச் சேர்த்து அவள் விரலில் வைத்தார். அவள் ஒரு தடவை தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். கழிவுப் பட்டிலிருந்து அரக்கு நிற முறுக்கு நூல் ஒன்றை இழுத்தாள். விரலில் கஞ்சி தொட்டு நூலை ஈரமாக்கி, இழைக்கு இழை இடைவெளி விடாமல் தண்டில் சுற்ற ஆரம்பித்தாள். கீழிருந்து மேலே ஒரு வரிசை, மேலிருந்து கீழே ஒரு வரிசை. நூல் முனையைக் கடைசி வரிசைக்கு அடியில் செருகி நகத்தால் அழுத்தினாள்.

தேவசகாயம் மேடை விளிம்பில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார். முப்பத்து மூன்றே கால் சொச்சம் என்பதை எண்ணுவது கஷ்டம். ஆனால் மூன்று நிமிடத்துக்கு எண்ணினால் சரியாக நூறு வரும். நூல் சுற்றுவதற்கு முன் அவர் எண்ணியபோது எண்பத்து மூன்று. இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார்.

“நூத்தி நாலு.”

“அதிகமா?”

“அதிகம்.”

சம்பூர்ணம் ஒரு வரிசையைப் பிரித்து, அதைவிட மெல்லிய நூலால் மறுபடி சுற்றினாள். அவர் எண்ணினார். நூறாவது தடவை காகிதத் துண்டு அவர் விரலைத் தாண்டியபோது வினாடி முள் பன்னிரண்டைத் தாண்டியது.

தேவசகாயம் முதல் தட்டை வைத்தார். ஐந்து வருஷமாகத் தினமும் பார்த்த ஒருவர் இன்று தெருமுனையிலிருந்து ஓடி வருவது மாதிரி பாட்டு வந்தது. டோரன்ஸ் பாடினார். சந்தேகமே இல்லாமல் அது இருபது வயதுப் பெண்ணின் குரல்.

“இவங்களுக்கு இன்னா இவ்ளோ அவசரம்?” என்றாள் சம்பூர்ணம். “பழைய பாட்டே நல்லா இருந்துது.”

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சீனிவாசன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பது வயது, பெரம்பூர் ரயில்வேப் பட்டறையில் டிராப்ட்ஸ்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாரினெட் வாசிக்கிறவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. துணிப்பையில் நியூஸ்பேப்பர் சுற்றி மூன்றாம் தட்டு இருந்தது. தேவசகாயம் மரியாதைக்காக அவர் முகத்தையும் ஆசைக்காகப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

சீனிவாசன் பூதக்கண்ணாடி வைத்து ஊசியைப் பார்த்தார். நாணயத்தைக் கையில் தூக்கிப் பார்ப்பது மாதிரி ஊசிக் கையின் எடையைப் பார்த்தார்.

“ஊசி நன்னா இருக்கு. சரி, உங்க கடிதத்துக்கு வருவோம். நூத்தி எழுபத்தாறு பாட்டு.”

“அதை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்,” என்றார் தேவசகாயம். “என் வாட்சு கோளாறு.”

“நூத்தி எழுபத்தாறு தடவையும் ஒரே அளவுக்குக் கோளாறு பண்ணித்தா?”

“ரொம்ப ஒழுங்கான வாட்சு சார்.”

சமையலறையில் சம்பூர்ணம் இருமினாள்.

“வந்தது வந்துட்டேன், அளந்துதான் பார்த்துடுவோமே,” என்று சீனிவாசன் ஸ்டாப் வாட்சைக் கையில் எடுத்தார்.

முதல் பாட்டு 3:10. உறையில் போட்டபடி வினாடி பிசகவில்லை. சீனிவாசன் ‘ம்’ என்றார். இரண்டாவது, உறையில் 2:50, வாட்சில் 2:52. அவர் மறுபடி ‘ம்’ என்றார்.

மோட்டார் ஓடினால் தண்டு சூடாகும். சூட்டில் கஞ்சி காய்ந்து பொடியும். பொடிந்த கஞ்சி நூலைப் பிடிக்காது. ரப்பர் சக்கரமோ விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். நேற்று அவர்கள் போட்டுப் பார்த்தது ஒரு பாட்டுதான். இதையெல்லாம் தேவசகாயம் மூன்றாவது பாட்டின் நடுவில்தான் யோசித்தார்.

பாட்டு நன்றாகத்தான் ஆரம்பித்தது. டிரம்பெட்டுகள் துள்ளின. ஒரு நிமிடம் கழித்து அவை துள்ளுவதை நிறுத்தி நடக்க ஆரம்பித்தன. டோரன்ஸ் முதல் வரியைப் பெண்ணாகப் பாடினார். இரண்டாவது வரியில் அவருக்குத் தொண்டை கட்டியது. கடைசி வரிக்கு வரும்போது அவர் தேவசகாயத்துக்கு நன்றாகத் தெரிந்த திரு. டோரன்ஸ் ஆகிவிட்டிருந்தார். அந்தச் சமயம் மேடைக்கு அடியிலிருந்து அரக்கு நிற நூல் ஒன்று வெளியே வந்தது. முழம் நீளம் வந்தது. மேடையோடு சேர்ந்து சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் சீனிவாசனின் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனது.

பாட்டு முடிந்தது. சீனிவாசன் ஸ்டாப் வாட்சை அழுத்தினார்.

“மூணு இருபத்தாறு. உறையில மூணு எட்டு,” என்றார். நூலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். “இது என்ன?”

“பட்டு சார்.”

“பட்டுன்னு தெரியறது. காஞ்சிபுரத்துல வேற என்ன இருக்கும்? ரிக்கார்டு பிளேயருக்குள்ள என்ன பண்றது?”

தேவசகாயம் நூலின் மறுமுனையைத் தேடிக் குனிந்தார். சம்பூர்ணம் காபியோடு வந்தாள்.

“நான் சொல்றேன் சார். பிளேயரு அமெரிக்காவுது, கரண்டு நம்மளுது. அஞ்சு வருஷமா எல்லாத்தையும் மெதுவாவே கேட்டுக்கினு இருந்துட்டு, கம்பெனிக்காரன் மேல கேஸு போடற மாதிரி உங்களுக்கு லெட்டரு எழுதிட்டாரு. முந்தாநேத்துதான் தெரிஞ்சுது. நீங்க வரீங்களேன்னு குச்சில நூல் சுத்திக் குடுத்தேன். நல்லாத்தான் சுத்தினேன், கஞ்சிதான் காலை வாரிடுச்சு. வாட்சு மேல பழியப் போடாதீங்க, அது எங்க அப்பா கல்யாணத்துக்குப் போட்டது.”

சீனிவாசன் காபியை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவசகாயம் துணிப்பையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அப்போ இந்த நூலை முழுக்க எடுத்துட்டா,” என்றார் சீனிவாசன் மெதுவாக, “ஆறுக்கு அஞ்சா ஓடும். சுருதி சரியா மூணு ஸ்தானம் இறங்கும்.”

“ஆமா சார்.”

“எடுங்க.”

“சார்?”

“எடுங்கன்னா எடுங்க. நாலாம் தட்டு, ரெண்டாம் பக்கம், அஞ்சாவது பாட்டு.”

தேவசகாயம் நூலைப் பிரித்தார், தட்டை வைத்தார். அந்தப் பாட்டின் நடுவில் கிளாரினெட் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. படிக்கட்டில் தாவித் தாவி இறங்குவது மாதிரி ஒரு ஓட்டம். சீனிவாசன் அந்த இடத்தில் கண்ணை மூடினார். பிறகு “மறுபடி” என்றார். ஏழு தடவை மறுபடி என்றார். நான்காவது தடவை டைப் அடிக்கும் காகிதம் ஒன்று கேட்டு வாங்கி, அதில் ஸ்வரங்களை எழுத ஆரம்பித்தார். ஏழாவது தடவை பேனாவை மூடினார்.

“அஞ்சாறு வருஷமா இந்த ஓட்டம் எனக்குக் கையில வரலை,” என்றார். “என் பிளேயர்ல காதுல விழறதுக்குள்ள போயிடும். எத்தனை ஸ்வரம்னுகூட எண்ண முடியாது. இருபத்து மூணு ஸ்வரம். இருபத்து மூணு.” ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். “இதைக் கெடுக்கறதுக்கு யார் உங்களுக்கு நூல் சுத்தச் சொன்னா?”

“நான்தான் சார் சுத்தினேன்,” என்றாள் சம்பூர்ணம்.

“ரெண்டு விதமாவும் ஓடற மாதிரி பண்ண முடியாதாம்மா? வேணும்னா போட்டுக்க, வேணாம்னா கழட்டிக்க?”

சம்பூர்ணம் யோசித்தாள். “குச்சில சுத்தாம, நாணல் குழல்ல தார் மாதிரி சுத்திட்டா, மாட்டிக் கழட்டலாம். கஞ்சி வேணாம், தச்சனுங்க போடற கோந்து போட்டுக்கலாம். ரெண்டு நாளு ஆவும்.”

சீனிவாசன் பையிலிருந்து மூன்றாம் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். “ஒரு மாசம். அதுக்குள்ள நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை கிளாரினெட்டோட வருவேன். கதவைத் திறக்கணும்.” வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார். “உங்க கடிதம் சுற்றிதழ்ல வராது, பயப்படாதீங்க. டோரன்ஸ் அம்மாவுக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டுடுங்க. எங்களுக்கெல்லாம் படிச்சப்போ கொஞ்சம் குழப்பமா இருந்தது.”

சாயங்காலம் தேவசகாயம் மூன்றாம் தட்டை உறையிலிருந்து எடுத்தார். தண்டில் நூல் இல்லை. சரியான வேகத்தில் கேட்க வேண்டுமென்றால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உறையை முழுக்கப் படித்தார், தட்டை உறையில் போட்டார், மறுபடி எடுத்தார்.

“போட்டுத்தான் கேளுங்களேன்,” என்றாள் சம்பூர்ணம்.

“நேரம் சரியா இருக்காது.”

அவள் அமெரிக்கக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பிளேயருக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள். அதன் கம்பியை அதே இரும்புப் பெட்டியில் செருகினாள். சிவப்பு வினாடி முள் நகர ஆரம்பித்தது.

தேவசகாயம் ஊசியை இறக்கினார். ஹார்ட்லி குழு அவருக்குத் தெரிந்த நடையில், தேர் அசைவது மாதிரி வந்தது. உறையில் 3:10 என்று இருந்தது. அவர் சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முள் மூன்று முழுச் சுற்றுப் போய், மேலும் பத்தாவது கோட்டைத் தொட்டபோது கடைசி டிரம்பெட் அடங்கியது.

“பார்த்தீங்களா,” என்றாள் சம்பூர்ணம் ராட்டையைச் சுற்றிக்கொண்டே. “ரெண்டும் ஒரே ஊருக்காரங்க. சேர்த்து வெச்சா தகராறே இல்ல.”